பிளஸ் டூ வீடு: பிள்ளை படிக்கட்டும், மற்றதை நாம பார்த்துக்கலாம்

மே மாதத்தில் ஒரு காலை. மந்தைவெளியில் ஒரு வீடு. ரிசல்ட் வரும் நேரம். அப்பாவின் கைபேசியில் ஒரு பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு. அம்மா இன்னொரு கைபேசியில் பார்க்கிறார். பாட்டி சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறார். பிள்ளை மட்டும் பால்கனியில் தனியாக. "பதிவெண்ணைச் சொல்லுடா" என்று உள்ளிருந்து குரல். அதற்குள் சொந்தக்காரர் ஒருவரின் போன்: "என்னாச்சு, எவ்ளோ வந்திருக்கு?"

இது எந்த ஒரு தனி வீட்டின் கதையும் இல்லை. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று எங்கே பார்த்தாலும், பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீடுகளில் வருஷா வருஷம் நடப்பதுதான். 2025-இல் மாநில வாரியத்தின் பிளஸ் டூ தேர்வை 7.92 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள். மே 8 அன்று முடிவு வந்தது. தேர்ச்சி 95.03 சதவீதம். கேட்க நல்ல எண்தான். ஆனால் மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 39 ஆயிரம் பிள்ளைகள். அந்தக் காலை அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது முக்கியமான கேள்வி.

பிள்ளைக்குப் பதிலாக நாம் தேர்வு எழுத முடியாது. ஆனால் தேர்வைச் சுற்றி இருக்கும் வேலைகள் நிறைய. சான்றிதழ், பெயர்த் திருத்தம், போக்குவரத்து, தூக்கம், வீட்டில் பேசும் பேச்சு, ரிசல்ட்டுக்குப் பிறகான வழிகள். இவற்றில் பெரும்பாலானவை இன்று நம் கைபேசியிலேயே முடியும். அந்த வேலைகளை வரிசையாகப் பார்ப்போம்.

பாடம் 1: தேர்வு எப்படி நடக்கிறது என்று முதலில் நாம தெரிஞ்சுக்கணும்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கியது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. இன்றைய பெற்றோரில் பலர் 1200 மதிப்பெண்ணுக்கு எழுதியவர்கள். அந்தக் கணக்கு இப்போது கிடையாது. இன்று ஆறு பாடங்கள், பாடத்துக்கு 100 வீதம் மொத்தம் 600. "நான் அப்போ ஆயிரம் தாண்டினேன், நீ ஐந்நூறுதானா?" என்று கேட்டால் பிள்ளைக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல் போன்ற பாடங்களில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 வேண்டும். எழுத்துத் தேர்வில் எடுக்க வேண்டிய குறைந்தபட்ச மதிப்பெண்ணும் தனியாக உண்டு. அது எவ்வளவு என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் பள்ளி வருகையும், வகுப்புத் தேர்வும் சேரும். செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். ஆகவே "மார்ச்ல பாத்துக்கலாம்" என்று நினைக்கும் பிள்ளை, மார்ச் வரும் முன்பே சில மதிப்பெண்களைக் கைவிட்டிருக்கும். "வீட்ல உக்காந்து படிச்சுக்கறேன்" என்று ஜனவரியில் லீவு போடக் கேட்டால், இதை நினைவில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

நம் பகுதியில் ஒரே தெருவில் மாநில வாரியப் பிள்ளையும் சி.பி.எஸ்.இ. பிள்ளையும் இருப்பார்கள். இரண்டுக்கும் தேதி, வினாத்தாள், மதிப்பெண் முறை எல்லாமே வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது எப்போதுமே நல்லதில்லை. வாரியமே வேறு என்றால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

பாடம் 2: பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்

2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பு பல இடங்களில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை அரைகுறையாக முடித்துவிட்டு நேராகப் பன்னிரண்டுக்குப் போகும் வழக்கம் இருந்தது. அதைத் தடுப்பது அந்த முடிவின் முக்கிய நோக்கம். 2025 ஆகஸ்ட் 8 அன்று கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியிடப்பட்டபோது, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இருக்காது என்று அறிவிக்கப்பட்டது. இனி அந்த வகுப்புக்குப் பள்ளி அளவிலான தேர்வுதான்.

பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. அதோடு வீட்டுக்கு ஒரு பொறுப்பும் வந்திருக்கிறது. தேர்வு போனாலும் பாடம் போகவில்லை. நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து கேள்விகள் வரும். பன்னிரண்டில் வரும் கணக்குக்கும் இயற்பியலுக்கும் அடித்தளமும் அதுதான்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், மாதம் ஒருமுறை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த மாசம் எந்தப் பாடம் முடிஞ்சது, எது புரியல?" புரியாத பாடத்தின் பெயரைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மே மாத விடுமுறையில் அந்தப் பட்டியலை எடுத்தால் போதும்.

பாடம் 3: கைபேசியிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு

எல்லா வீட்டாலும் டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாது. கட்ட முடிந்த வீட்டிலும் பிள்ளைக்கு நேரம் இருக்காது. கட்டணம் இல்லாமல் கிடைப்பவை இவை:

மணற்கேணி செயலி: பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்டது. ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடங்கள் சிறு சிறு காணொளிகளாக இருக்கும்.

கல்வித் தொலைக்காட்சி: 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. யூடியூபிலும் பார்க்கலாம்.

பாடநூல்கள்: தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகப் பதிவிறக்கலாம். அச்சுப் புத்தகத்தில் பாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால் கூடுதல் விளக்கம் வரும்.

வினாத் தொகுப்புகள்: நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் (நம்ம பழைய டி.பி.ஐ.தான்) பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் புத்தகங்கள் விற்பனையாகும்.

இவையெல்லாம் கருவிகள்தான். எப்படிப் படிக்கிறோம் என்பதுதான் பெரிது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பகுதியை மறுபடி மறுபடி வாசித்த மாணவர்கள் ஒரு பக்கம். ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. "படிச்சேன்மா, பரீட்சையில வரமாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நமக்கு இயற்பியல் தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை நாம் வாங்கிக்கொள்வோம். "இன்னைக்குப் படிச்சதைப் பாக்காம எழுது, இல்ல எனக்குச் சொல்லு" என்போம். பதினைந்து நிமிடம் போதும். சொல்ல முடியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிகளை மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை திரும்பப் பார்த்தால் பாடம் மனதில் தங்கும்.

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுத் தாள்கள் வீட்டுக்கு வரும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து, போன மதிப்பெண்களை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் நேரம் இல்லாமல் போனது, கவனக்குறைவால் போனது. முதல் வகைக்குப் படிப்பு வேண்டும். இரண்டாவதுக்கு நேரம் வைத்து எழுதும் பயிற்சி வேண்டும். மூன்றாவதுக்குக் கடைசிப் பத்து நிமிடம் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். மூன்றுக்கும் "இன்னும் நல்லா படி" என்ற ஒரே மருந்து வேலை செய்யாது.

பாடம் 4: வீட்டில் இடம் இல்லையா?

தென் சென்னையில் ஒரே அறை வீடுகள் நிறைய. டி.வி., குக்கர் சத்தம், வந்து போகிறவர்கள். அந்தப் பிள்ளைக்குப் படிக்க ஓர் இடம் தேடித் தருவதும் பெரிய உதவிதான்.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்று படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கிப் போகலாம். மயிலாப்பூர், மந்தைவெளி, கஸ்தூரிபா நகர், திருவான்மியூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே வண்டி. வீட்டுக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் அதன் நேரத்தையும் விசாரித்து வையுங்கள். அதுவும் தோதுப்படாவிட்டால் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். மாலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்க முடியுமா என்று பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டால் பேச்சுக்கு ஒரு பலம் இருக்கும்.

பாடம் 5: பெயர், பிறந்த தேதி, கைபேசி எண்

பொதுத்தேர்வுக்கு முன்பு பள்ளி மாணவர்களின் விவரப் பட்டியலைத் தயாரித்து அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பும். மதிப்பெண் சான்றிதழில் அச்சாவது அந்த விவரம்தான். அச்சான பிறகு திருத்துவது நீண்ட வேலை. முன்பே திருத்துவது ஐந்து நிமிட வேலை. பள்ளி சரிபார்க்கச் சொல்லும்போது இவற்றைப் பாருங்கள்:

1. பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியாக இருக்கிறதா? இன்ஷியல் எந்தப் பக்கம், எத்தனை எழுத்து?
2. ஆதாரில் இருப்பதும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா?
3. பிறந்த தேதி, பாடப்பிரிவு, பயிற்று மொழி சரியா?
4. கொடுத்திருக்கும் கைபேசி எண் இப்போது வேலை செய்கிறதா? தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக வருவது அந்த எண்ணுக்குத்தான். சிம் மாற்றியிருந்தால் உடனே பள்ளியில் சொல்லுங்கள்.

பார்வை, கேட்டல், எழுதுதல், கற்றல் ஆகியவற்றில் சிரமம் உள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றுடன் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது பிள்ளையின் உரிமை.

பாடம் 6: சான்றிதழ்களை ஜனவரியிலேயே எடுத்து வைங்க

மே மாதத்தில் இ-சேவை மையங்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் ஒரே வாரத்தில், ஒரே சான்றிதழ் வேண்டியிருக்கும். ஜனவரியில் அந்த வரிசை இருக்காது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய நான்கும் பெரும்பாலும் தேவைப்படுபவை. குடிமக்கள் கணக்கு எண் (கேன் எண்) ஒருமுறை உருவாக்கிக்கொண்டால், வீட்டிலிருந்தே இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாநகராட்சி மண்டல அலுவலகத்திலோ உள்ள இ-சேவை மையத்துக்குப் போகலாம். மையத்தில் ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள்.

இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்று, "நம்மகிட்டதான் பி.சி. சர்டிபிகேட் இருக்கே" என்று நினைத்துவிடுவது. நீட், ஜே.இ.இ. போன்ற மத்திய அளவிலான சேர்க்கையில் ஓ.பி.சி. இட ஒதுக்கீடு கேட்க, மத்தியப் பட்டியலில் உள்ளவர்கள் அதற்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக எடுக்க வேண்டும். அந்தந்த ஆண்டுக்குரியதைக் கேட்பார்கள். இரண்டாவது, முதல் பட்டதாரிச் சலுகை. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லை என்றால், தொழிற்கல்விப் படிப்பில் கட்டணச் சலுகைக்கு இந்தச் சான்றிதழ் உதவும். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாததால் இப்படி ஒன்று இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாமல் போகிறது. உங்களுக்குத் தேவையில்லை என்றாலும், தெரிந்த வீட்டுக்குச் சொல்லுங்கள்.

கிடைத்த சான்றிதழ்களை டிஜிலாக்கரிலோ, கைபேசியில் பிள்ளையின் பெயரில் ஒரு தனிக் கோப்புறையிலோ சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் எங்கேயோ கிடக்கும் போட்டோவை விண்ணப்பம் முடியும் கடைசி இரவில் தேடும் நிலைமை வேண்டாம்.

பாடம் 7: தேர்வு மாதம்: தெரு, தூக்கம், சாலை

மாநில வாரியத் தேர்வு நாளில் காலை 10 மணிக்கு வினாத்தாள் தருவார்கள். முதல் 10 நிமிடம் வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, 10.15 முதல் 1.15 வரை எழுத. பிப்ரவரியில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதே நேரத்தில் ஒரு முழுத் தேர்வு எழுதச் சொல்லுங்கள். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மார்ச் என்றால் மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவும் பல ஆண்டுகளில் தேர்வை ஒட்டியே வரும். தேர், அறுபத்துமூவர் நாட்களில் மாட வீதிகளில் வண்டி நகராது. லஸ், மந்தைவெளி, பனகல் பூங்கா, அடையாறு பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தை மாற்றிவிட்டிருப்பார்கள். ஆகவே முதல் தேர்வுக்கு முன்பே, அதே நேரத்தில், தேர்வு மையம் வரை ஒருமுறை போய் வாருங்கள். எவ்வளவு நேரமாகிறதோ அதோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். முடிந்தவரை பறக்கும் ரயில் நம்பகமானது. பேருந்து எங்கே வருகிறது என்று கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

தென் கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வு நாளில், ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது விமானங்கள் இறங்குவதையும் ஏறுவதையும் நிறுத்தி வைப்பார்கள். நம்மால் விமானத்தை நிறுத்த முடியாது. தெரு முனை ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லலாமே? இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கப் பொதுவாகத் தடை இருக்கிறது. முதலில் விழாக்குழுவினரிடம் "எங்க வீட்ல பிளஸ் டூ பிள்ளை இருக்கு" என்று நேரில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் 100 அல்லது 112. மின்சாரம் போனால் மின்னகம் எண் 94987 94987, நாள் முழுவதும் இயங்குகிறது.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. தேர்வு மாதத்தில் அவ்வளவு கிடைக்காமல் போகலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய இரவு இரண்டு மணி வரை விழிப்பது படித்ததையும் கலைத்துவிடும். "தூங்கப் போ, காலைல எழுப்பி விடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி எழுப்பிவிடுங்கள்.

பாடம் 8: "லீக் ஆயிடுச்சு" என்று வரும் செய்தி

ஒவ்வொரு மார்ச்சிலும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் "நாளைய வினாத்தாள்" சுற்றும். ரிசல்ட்டுக்குப் பிறகு "மார்க் கூட்டித் தரோம்", "சீட் வாங்கித் தரோம், முன்பணம் கட்டுங்க" என்று அழைப்புகள் வரும். நம்ப வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். தாள் பொய்யாக இருந்தாலும், அதை நம்பி ஓர் இரவு போனது நிஜம். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

பாடம் 9: ரிசல்ட் நாள்

முடிவைப் பார்க்க அவசரமே இல்லை. இணையதளம் திணறினால் டிஜிலாக்கர் இருக்கிறது, குறுஞ்செய்தி வரும், பள்ளியிலும் தெரியும். பத்து நிமிடம் தாமதமானால் மதிப்பெண் மாறிவிடாது. 2017-லேயே தமிழ்நாடு அரசு மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்ப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. நம் வீட்டிலும் அதை நிறுத்தலாம். பிள்ளை அனுமதிக்கும் வரை மதிப்பெண்ணை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம்.

முந்தைய நாள் இரவே சொல்லிவிடுங்கள்: "எவ்ளோ வந்தாலும் நாளைக்குச் சாயந்திரம் எல்லாரும் பெசன்ட் நகர் பீச்சுக்குப் போறோம்." மதிப்பெண் வந்த பிறகு சொன்னால் அது பரிசாகவோ ஆறுதலாகவோ ஆகிவிடும். முன்பே சொன்னால்தான் அது பாசமாகத் தெரியும்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், முதலில் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, கூட்டலில் தவறா, திருத்தத்தில் தவறா என்று பார்த்துவிட்டு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போகலாம். விண்ணப்பிக்கச் சில நாட்களே அவகாசம் இருக்கும். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும் என்பதைத் தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

தேர்ச்சி பெறவில்லை என்றால்? அன்று அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். கோபமாக இருந்தாலும் பக்கத்தில் இருங்கள். திட்டுவதற்கு ஒரு வருஷமே இருக்கிறது, அன்று வேண்டாம். பிறகு இதைச் சொல்லுங்கள்: அடுத்த மாதமே துணைத் தேர்வு இருக்கிறது. தேர்ச்சி பெறாத பாடத்தை மட்டும் எழுதி, அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேரலாம். ஒரு வருஷம் வீணாகப் போகாது. இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. தோல்வி என்ற ஒரு சொல்லால் பிள்ளைகளின் உயிர் போகக் கூடாது என்று பலர் குரல் கொடுத்ததன் பலன் இது. அவர்களில் ஒன்று, மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்பது போலப் பேசினால், "சும்மா சொல்றா" என்று விட்டுவிடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் கெடுதல் வராது. 14416 (நட்புடன் உங்களோடு மனநல சேவை), 104 மருத்துவ உதவி எண், சினேகா 044-24640050. பெற்றோரும் அழைக்கலாம். பள்ளி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு 1800-11-8004. இந்த எண்களை இப்போதே கைபேசியில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

பாடம் 10: அடுத்து என்ன?

பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவார்கள்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மொத்தம் 600-இல் எவ்வளவு என்பது அங்கே பேசாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்கல்வியில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் சேரலாம்.

டாக்டர், இன்ஜினியர் தவிரவும் வழிகள் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கின்றன. மெரினாவில் 1914 முதல் இயங்கும் ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, நந்தனம் அரசு கலைக் கல்லூரி. தரமணியில் மத்திய பாலிடெக்னிக். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கிண்டியில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம். அடையாறு பக்கத்திலேயே உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பில் சேர ஜே.இ.இ. கட்டாயமில்லை. நான் முதல்வன், கல்லூரிக் கனவு வழிகாட்டல் நிகழ்ச்சிகள் எப்போது என்று பள்ளியில் கேளுங்கள். பிள்ளையோடு நீங்களும் போங்கள். முடிவு பிள்ளையுடையது, கேள்விகள் இருவருடையதாக இருக்கட்டும்.

ஒரு வருஷம், ஒரே பார்வையில்

ஜூன்: பாடநூல், மணற்கேணி செயலி பதிவிறக்கம், பேருந்துப் பயண அட்டை.
செப்டம்பர், டிசம்பர்: காலாண்டு, அரையாண்டுத் தாள்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தல்.
பள்ளி கேட்கும்போது: பெயர், தேதி, கைபேசி எண் சரிபார்ப்பு.
ஜனவரி: சான்றிதழ்களுக்கு இ-சேவையில் விண்ணப்பம்.
பிப்ரவரி: செய்முறைத் தேர்வு, ஞாயிறு மாதிரித் தேர்வு, தேர்வு மையத்துக்கு ஒரு ஒத்திகைப் பயணம்.
மார்ச்: தூக்கம், சாப்பாடு, அமைதி.
மே: முடிவு, விடைத்தாள் நகல், கல்லூரி விண்ணப்பங்கள்.
ஜூன்: தேவைப்பட்டால் துணைத் தேர்வு.

இதில் ஒன்றுகூட பிள்ளையின் தலையில் ஏற்ற வேண்டிய பாரம் இல்லை. எல்லாம் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை. அந்த மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பிப் போவோம். பக்கம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. கைபேசியை மேசை மேல் வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ரிசல்ட் வரும்போது வரட்டும்.